நடாமல் திரும்பிய கன்று

மகளே,

நீ போய்ச் சேர்ந்தேன் என்று சொன்னதும் போனை வைத்துவிட்டேன். இன்னும் ஏதாவது பேசியிருக்கலாம். சாப்பிட்டாயா, குளிருகிறதா, அறையில் அடுப்பு இருக்கிறதா, இதற்கு மேல் நம் இரண்டு பேருக்கும் போனில் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன். தமிழ் எழுத்தை நீ கூட்டிக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். பள்ளிக்கூடத்தில் மலையாளமும் இங்கிலீஷும் படித்தவள் நீ. தமிழ் எழுத்தைக் கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பழைய பேப்பரைப் பார்த்துப் படித்துக்கொண்டாய். மெதுவாகப் படி. அவசரமான சங்கதி எதுவும் இதில் இல்லை.

விமான நிலையத்தில் நான் அழவில்லை என்று உன் அத்தை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "ஒத்தைப் பிள்ளை கடல் தாண்டிப் போகுது, இவ கல்லு மாதிரி நிக்கா" என்றாளாம். அவள் சொன்னது சரிதான். நீ கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். பிறகு ஆட்டோ பிடித்து நேராகச் சாலைக் கடைத்தெருவுக்கு வந்து கடையைத் திறந்தேன். வந்த குலைகளை இறக்கி, காயைத் தனியாகவும் பழுக்கத் தொடங்கியதைத் தனியாகவும் அடுக்கினேன். மத்தியானம் சோறு சாப்பிட்டேன். குழம்பில் உப்புக் கூடுதல் என்றுகூடத் தெரிந்தது. மனதில்தான் ஒன்றும் இல்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடக்கிற மாதிரி இருக்கிறது. நடக்க முடிகிறது, தரைதான் தெரியவில்லை.

இது நீ போன அன்றைக்குத் தொடங்கியது இல்லை. நாம் கல்லாறிலிருந்து காரில் திரும்பி வந்தோமே, அன்றைக்குத் தொடங்கியது. அந்த நாளைப் பற்றி நாம் இதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் அதற்காகத்தான். அதைச் சொல்ல வேண்டுமென்றால் சுகுமாரனிடமிருந்து தொடங்க வேண்டும்.

உன் அப்பா இறந்தபோது நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். திருநெல்வேலியிலிருந்து வந்த நம் ஆட்கள், கடையைக் கைமாற்றிவிட்டு ஊருக்கு வந்துவிடு என்றார்கள். வாழைக்குலை மண்டியில் ஒரு பெண் உட்கார்ந்து விலை பேசுவதை அதுவரை சாலைக் கடைத்தெருவில் யாரும் பார்த்ததில்லை. காரியமெல்லாம் முடிந்து கடையைத் திறந்த அன்று, வழக்கமாக நம்மிடம் சரக்கு இறக்குகிறவர்கள் வண்டியைப் பக்கத்துக் கடைக்கு விட்டார்கள். நான் வெறும் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு ஜீப் வந்து நம் கடை முன்னால் நின்றது. கல்லாறு பக்கத்தில் வயலைப் பாட்டக் குத்தகைக்கு எடுத்து, நாம் நேந்திரன் என்கிற ஏத்தன் வாழை வைக்கிற சுகுமாரன். தமிழும் மலையாளமும் பாதிப்பாதியாகப் பேசுவார். "அண்ணாச்சி போனா எந்தா, அக்கா உண்டல்லோ" என்று சொல்லிவிட்டு, வேறு பேச்சில்லாமல் குலையை இறக்க ஆரம்பித்தார். அவர் இறக்குவதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் வந்தார்கள். நீ படித்த படிப்புக்கெல்லாம் அடியில் அந்த ஜீப் இருக்கிறது. இதை நான் உனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சொல்லியே உன்மேல் ஒரு பாரத்தை ஏற்றிவிட்டேனோ என்று இப்போது நினைக்கிறேன்.

நீ கல்லூரியில் இருந்த காலத்தில், ஓணத்துக்கு முன்னால் அவரிடமிருந்து சரக்கு வராமல் நின்றுபோனது. போன் போட்டால் எடுக்கவில்லை. என்ன ஆயிற்று என்று பார்க்க நாம் இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். அவர் வயல் வரப்பில் உட்கார்ந்திருந்தார். வாழை நின்றது, ஆனால் வாழை மாதிரி நிற்கவில்லை. புது இலையெல்லாம் விரியாமல் குறுகிக் குறுகி, உச்சியில் ஒரு கொத்தாக, துடைப்பத்தைத் தலைகீழாக நட்ட மாதிரி நின்றது. கூம்படைப்பு என்று அங்கே சொல்வார்கள், தமிழில் முடிக்கொத்து நோய். வைரஸ் என்று பின்னால் நீதான் எனக்குச் சொன்னாய். கறுப்பாக ஒரு சின்னப் பேன் இலைக்காம்பில் உட்கார்ந்து ஒரு வாழையிலிருந்து இன்னொரு வாழைக்குக் கொண்டுபோகும் என்றாய். "குலை வராது அக்கா" என்றார் அவர். நீ கேட்டாய், "இதுக்கு மருந்து கிடையாதா மாமா?" "மருந்து இல்லா மோளே. பறிச்சுக் கத்திக்கணும். அதுதான் மருந்து." பிடுங்கி எரிப்பதைத்தான் சொன்னார். அவர் மனைவி ஓமனா மூட்டோடு தோண்டிக்கொண்டிருந்தாள். நீ பையைக் கீழே வைத்துவிட்டு அவளோடு சேர்ந்து இழுத்தாய். உன் உடுப்பெல்லாம் வாழைக்கறை. திரும்பும்போது பஸ்ஸில், நீ இதைத்தான் படிக்கப்போகிறேன் என்றாய். சரி என்றேன். பிள்ளைகள் பஸ்ஸில் என்னவெல்லாமோ சொல்லும்.

நீ சொன்னதைச் செய்தாய். பட்டம் வாங்கி, அதற்கு மேல் படித்து, இங்கேயே ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாய். என்ன வேலை என்று கடையில் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒருநாள் தோசை சுட்டுக்கொண்டே எனக்கு விளக்கினாய். "அந்த வைரஸோட ஒரு துண்டை மட்டும் எடுத்து வாழைக்குள்ளயே வச்சிருதோம்மா. துண்டுனால நோய் வராது. ஆனா அந்த வைரஸ் நிஜமா உள்ள வரும்போது வாழை அதை அடையாளம் கண்டு அறுத்துப் போட்டிரும்." அப்புறம் பாட்டிலுக்குள் விரல் அளவில் வாழை முளைத்தது. பாட்டிலிலிருந்து தொட்டிக்கு வந்தது. தொட்டியைக் கம்பி வலை போட்ட கூடாரத்துக்குள் வைத்தீர்கள். ஒரு கதவைச் சாத்தினால்தான் அடுத்த கதவைத் திறக்கலாம். அனுமதி வாங்கி ஒரு தடவை என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனாய். சாதா வாழையும் உன் வாழையும் அடுத்தடுத்து வைத்து, நோய் பிடித்த பேனை இரண்டின் மேலும் விட்டிருந்தீர்கள். சாதா வாழை கொத்தாகிக் குறுகிப்போய் நின்றது. உன்னுடையது இலை விரித்து நின்றது. நீ சிரித்தாய். உன் அப்பா போனபிறகு அப்படி ஒரு சிரிப்பை உன்னிடம் பார்த்ததில்லை. நான் அன்றைக்கே சுகுமாரனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அங்கேதான் நான் அவசரப்பட்டேன்.

அவர் அடுத்த வாரமே வீட்டுக்கு வந்தார். இருந்த வாழையில் தப்பிய ஒரு குலையை உனக்கென்று தோளில் தூக்கிக்கொண்டு நம் ஆரியசாலைச் சந்துக்குள் நடந்து வந்தார். "மோளே, எனிக்கு ஒரு கன்னு மதி" என்றார். ஒரே ஒரு கன்று போதுமாம். நீ உட்காரவைத்து, மலையாளத்தில் நிதானமாகச் சொன்னாய். வெளியே நட அனுமதி இல்லை, கேட்டிருக்கிறோம், வர வேண்டும். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எப்போது வந்தாலும் அதே கேள்விதான். அனுமதி வரவில்லை. ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக் கடிதம் போய்க்கொண்டிருந்தது. அவரும் புதுக்கன்று வாங்கி நட, அதிலும் நோய் வர, பறித்து எரித்து, மறுபடி நட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் நானே உன்னிடம் கேட்கத் தொடங்கினேன். "ஒரு கன்னுதானட்டி. ஒரு சாக்குல சுத்திக் கொண்டுவந்தா யாருக்குத் தெரியப்போகுது? அந்த மனுசன் இல்லைன்னா நீ எங்க, நான் எங்க?" நீ சொன்னது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. "அம்மா, அது இன்னும் கன்னு இல்ல. அது ஒரு கேள்வி. வெயில்ல நிக்குமா, குலை போடுமா, அந்தக் காயைச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதான்னு எனக்கே தெரியாது. தெரியாததை மாமா வீட்டுத் தட்டுல வைக்கச் சொல்லுதியா?" எனக்குக் கோபம் வந்தது. உன் படிப்பு ஊருக்கு உதவாத படிப்பு என்று சொன்னேன். நீ தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். அதன்பிறகு வெகுநாள் நமக்குள் சமையல் பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை.

பிறகு சுகுமாரன் ஒருநாள் சரக்கு இல்லாமல் கடைக்கு வந்தார். பஸ்ஸில் வந்திருந்தார், ஜீப்பை விற்றாகிவிட்டது. பாட்டத்துக்கு எடுத்த வயலைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். கல்லாறில் ஆற்றங்கரையில் சுற்றுலா வண்டிகள் நிற்கிற இடத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் வேலை கிடைத்திருக்கிறதாம். "நிழல் உண்டு அக்கா, பாடுபட வேண்டா" என்றார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். உன்னைப் பற்றி அவர் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து உன்னிடம் இதைச் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டாய். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அப்போது தெரியாது, உங்கள் திட்டம் முடிந்துவிட்டது, பணமும் நின்றுவிட்டது, வலைக்கூடாரத்தில் இருக்கிற வாழை எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது என்று. ஒரு துண்டு வேர்கூட மிஞ்சக் கூடாதாம். விதி அப்படி. அந்த விதி எழுதின தாளில் கையெழுத்துப் போட்டவர்களில் நீயும் ஒருத்தி.

அழிக்கிற அன்று காலையில் நீ வேலைக்குப் போய்விட்டுச் சீக்கிரமே திரும்பி வந்தாய். கடைக்கு முன்னால் காரை நிறுத்தி, "ஏறும்மா, கல்லாறுக்குப் போவோம்" என்றாய். பின்சீட்டுக்குக் கீழே ஈரச்சாக்கில் சுற்றி ஒன்று இருந்தது. வாழைக் கடைக்காரிக்கு அது என்னவென்று அவிழ்த்துப் பார்க்கத் தேவையில்லை. "நோய் ஏத்தாத தொட்டில இருந்து எடுத்தது. பயமில்ல" என்று மட்டும் சொன்னாய். மத்தியானத்துக்கு மேல்தான் எரிப்பார்கள், அதற்குள் திரும்பிவிடலாம் என்றாய். நெடுமங்காடு தாண்டினோம். நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். இத்தனை காலம் கேட்டது நடக்கப்போகிறது. ஆனால் நான் உன் கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். ஸ்டியரிங்கை நீ பிடித்திருந்த விதம், பிரேதத்தை இறக்கிவைக்கப் போகிறவர்கள் பாடையைப் பிடிக்கிற மாதிரி இருந்தது.

சுகுமாரன் அன்று வேலைக்குப் போகவில்லையா, போகவிருந்தாரா தெரியாது, வீட்டில் இருந்தார். நீ சாக்கை அவிழ்த்ததும் அவர் குனிந்து பார்த்தார். முட்டிபோட்டு உட்கார்ந்தார். காம்பைத் தடவினார், குருத்தைத் தொட்டுப் பார்த்தார், கிழங்கைப் புரட்டிப் பார்த்தார். "இதா, இதா சாதனம்?" இதுதானா அந்தப் பொருள் என்று ஓமனாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, குழி தோண்டினார். அந்த வயதில் அவ்வளவு வேகமாக ஒரு மனிதர் தோண்டி நான் பார்த்ததில்லை. ஓமனா ஒரு கூடை சாணகம் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். நீ கன்றை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு குழி ஓரத்தில் உட்கார்ந்தாய். உன் முகத்தைப் பார்த்தேன். அதில் சந்தோஷம் இல்லை, பயமும் இல்லை, வருத்தம்கூட இல்லை. துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அவருக்காகவோ எனக்காகவோ, இல்லை, இத்தனை வருஷம் எரியப்போகிறதே என்பதற்காகவோ, நீ நம்பாத ஒன்றைச் செய்ய உட்கார்ந்திருந்தாய்.

"ஏட்டி, வைக்காத" என்றேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசின மாதிரி கேட்டது. "திருப்பி எடுத்துட்டு வா. போவோம்." நீ கன்றைச் சாக்கில் வைத்துச் சுற்றினாய். சுகுமாரன் மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றார். "அக்கா அல்லே கேட்டது? இத்ர நாளும் அக்கா அல்லே கேட்டது?" என்றார். கத்தவில்லை. புரியாமல் கேட்டார். "ஆமா, நான்தான் கேட்டேன்" என்றேன். "எனக்கு இப்ப வேண்டாம்." "வேணும்னு சொல்லுறது அக்காவா, வேண்டாம்னு சொல்லுறதும் அக்காவா? குழி தோண்டினது நான் அல்லே?" ஓமனாதான் கடைசியில் பேசினாள். "அவங்க போகட்டே" என்று அவர் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினாள். நாம் காரில் ஏறினோம். நீ கன்றைக் கொண்டுபோய் மற்றவற்றோடு சேர்த்து எரித்தாய். சாயங்காலம் உன் தலைமுடியில் புகை வாசம் அடித்தது. நீ குளித்தாய். நான் சாதம் போட்டேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ இதுவரை கேட்கவில்லை. நானே என்னிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். எனக்கு விதியைப் பற்றித் தெரியாது, அந்தக் கன்று நல்லதா கெட்டதா என்றும் தெரியாது. ஒருவேளை அது இன்றைக்குக் கிணற்றடியில் குலை தள்ளியிருக்கும். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு நல்ல மனிதர் மறுபடி விவசாயி ஆகியிருப்பார். அதை நான் தடுத்தேன் என்றால் தடுத்தேன்தான். ஆனால் இல்லை என்று சொல்லத் தெரிந்த ஒரு பெண்ணை நான் பெற்றிருந்தேன். அவளை நானே அரித்து அரித்துக் கிணற்றடிவரைக்கும் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சரியானதைச் செய்தால் மனது லேசாகும் என்று சொல்வார்கள். எனக்கு ஆகவில்லை. உனக்கும் ஆகியிருக்காது. லேசாகும் என்று நீ காத்திருக்க வேண்டாம். காத்திருந்தால், ஆகாதபோது நாம் செய்தது தப்போ என்று தோன்ற ஆரம்பிக்கும். காலையில் எழுந்திரு, வேலைக்குப் போ, நேரத்துக்குச் சாப்பிடு. இதைத்தான் நானும் செய்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே உன்னிடம் யாராவது எதையாவது கேட்பார்கள். கூட வேலை செய்கிறவர்கள் கேட்பார்கள். நாளைக்கு நீ ஒருவனைக் கட்டிக்கொண்டால் அவன் கேட்பான். நன்றிக்கடனைச் சொல்லிக் கேட்கிறவர்களிடம்தான் மறுப்பது கஷ்டம். நான் உன்னிடம் அப்படித்தான் கேட்டேன். உன் அப்பா இருந்திருந்தால் என்னைக் கேட்கவிட்டிருக்க மாட்டார். கொடுக்க முடியாது என்றால் முகத்துக்கு நேரே சொல். நீ சுகுமாரனிடம் அப்படித்தான் சொன்னாய். அவர் ஒவ்வொரு தடவையும் வருத்தத்தோடு போனார், ஆனால் மறுபடி வந்தார். நான் செய்ததற்குப் பிறகு அவர் வரவில்லை. நான் போன் போட்டாலும் எடுக்கவில்லை. நீ வெளிநாட்டுக்குப் போகிறாய் என்று ஓமனாவிடம் சொல்லியிருந்தேன். விமான நிலையத்துக்கு வருவார் என்று கூட்டத்தில் பார்த்துக்கொண்டே நின்றேன். வரவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கடை இல்லை. கிழக்கேகோட்டையில் பஸ் ஏறிக் கல்லாறுக்குப் போனேன். என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. ஆற்றங்கரை முழுக்க வண்டி. குழந்தைகள் தண்ணீரில் இறங்கிக் கத்திக்கொண்டிருந்தார்கள். சுகுமாரன் ஒரு குடைக்கு அடியில் நின்று சீட்டுக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். நான் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். கூட்டம் குறைகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவமானமாகவும் இல்லை, துக்கமாகவும் இல்லை. வெயில் காலில் படுவது தெரிந்தது. கடைசியில் அவரே வந்தார். உட்காரவில்லை.

"மோள் எத்தியோ?" என்றார்.

"போய்ச் சேந்துட்டா."

ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவிடெ இது நடான் ஒக்குமோ?"

அங்கே நட விடுவார்களா என்று கேட்கிறார். "அங்க அனுமதி உண்டாம். வெளியில, வயல்லயே வைப்பாங்களாம். அதுக்குத்தான் போயிருக்கா" என்றேன்.

அவர் தலையாட்டினார். அப்போது ஒரு கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவர் போய்ச் சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டு மறுபடி என்னிடம் வந்தார். கோபம் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். என் முகத்தை அவர் கடைசிவரைக்கும் பார்க்கவில்லை. "எனிக்கு வேணும்னு இல்லா அக்கா. இனி எனிக்கு எதுக்கா? அது வெயிலத்து நிக்குமோ, குலை போடுமோ, அது மாத்ரம் எனிக்கு அறியணும்" என்றார்.

சொல்லச் சொல்கிறேன் என்றேன். அவர் குடைக்கடிக்குப் போய்விட்டார். நான் பஸ் பிடித்து வந்தேன். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

வயலில் நட்டதும் எழுது. நின்றாலும் எழுது, நிற்காமல் போனாலும் மறைக்காமல் எழுது. எனக்கு வேண்டாம், அவருக்கு எழுது. மலையாளத்தில் எழுது. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

அம்மா